நேபாளத்தில் பெரிய நிலநடுக்கம் வந்தால்: அங்கே வாழ்பவர்களும் அங்கே போகவிருப்பவர்களும்

பெற்றோரை அழைத்துக்கொண்டு காட்மாண்டு, பொக்காரா வழியாக முக்திநாத் செல்ல முன்பணம் கட்டியிருக்கிறீர்கள். இந்த நிலையில் நேபாளத்தில் 2015இல் வந்ததுபோல் ஒரு நிலநடுக்கம் மறுபடியும் வந்தால் உள்ளூர் மக்களுக்கு என்ன நேரும், நம் பயணம் என்ன ஆகும், ரத்து செய்வதா தள்ளிவைப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் ஒன்றாகக் கேட்டது நல்லது. முதல் கேள்விக்கு விடை தெரியாமல் இரண்டாவதற்கு யார் முடிவு சொன்னாலும் அது பெரும்பாலும் பயத்திலிருந்தோ, கட்டிய பணம் போய்விடுமே என்ற கவலையிலிருந்தோதான் வரும்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பெரிய நிலநடுக்கம் வந்த முதல் சில வாரங்களுக்கு, நிவாரணப் பணிக்கென்று அழைக்கப்பட்டவர்களைத் தவிர வேறு யாரும் அங்கே போகக் கூடாது. அதற்குப் பிறகு "நேபாளம் பாதுகாப்பானதா?" என்ற கேள்விக்குப் பொருளே இல்லை, எந்த மாவட்டம், எந்த மாதம் என்றுதான் கேட்க வேண்டும். இப்படிச் சொல்வதற்குக் காரணம் 2015இல் அங்கே நடந்தவைதான். ஆகவே அவற்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

2015ஆம் ஆண்டு ஏப்ரல் 25, சனிக்கிழமை, நண்பகலுக்குச் சில நிமிடங்கள் முன்பு, கோர்க்கா மாவட்டத்தின் பார்பாக் என்ற மலைக்கிராமத்தை ஒட்டி 7.8 அளவுள்ள நிலநடுக்கம் தொடங்கியது. பார்பாக் காட்மாண்டுவுக்கு வடமேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மேற்கே பொக்காராவும் அதிலிருந்து ஏறக்குறைய அதே தொலைவுதான். ஆனால் காட்மாண்டுப் பள்ளத்தாக்கில் கோயில்களும் வீடுகளும் சரிந்து விழ, பொக்காராவில் குறிப்பிடத்தக்க சேதமே இல்லை. நிலத்தட்டின் பிளவு பார்பாக்கிலிருந்து கிழக்கு நோக்கி நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓடியதும், காட்மாண்டு பழைய ஏரி ஒன்றின் வண்டல்மீது அமைந்திருப்பதும் இதற்குக் காரணங்கள். அந்த வண்டல் மெதுவான, நீண்ட அலைவுகளைப் பெருக்கிக் காட்டியதால் தாராஹரா போன்ற உயரமான கட்டுமானங்கள் தாக்குப்பிடிக்கவில்லை. நகரத்தின் தாழ்வான கான்கிரீட் வீடுகள் பல, அஞ்சியதற்கு மாறாக, நின்றன. பதினேழு நாட்கள் கழித்து, மே 12ஆம் தேதி, பிளவின் கிழக்கு முனையில் தோலகா, சிந்துபால்சோக் மாவட்டங்களை ஒட்டி 7.3 அளவில் மற்றொன்று வந்தது. முதல் அதிர்ச்சி தணிந்து மக்கள் வீட்டுக்குள் திரும்பத் தொடங்கிய நேரம் அது. அரைகுறையாக நின்ற சுவர்கள் அன்று விழுந்தன. வரைபடத்தில் நடுமையத்தை, அதாவது நிலநடுக்கம் தொடங்கிய இடத்தை, சுற்றி வட்டம் போட்டுப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சேதம் அப்படி வட்டமாகப் பரவுவதில்லை.

ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள், 22,000 பேர் காயமடைந்தார்கள். ஏறக்குறைய ஐந்து லட்சம் வீடுகள் முற்றிலும் இடிந்தன, மேலும் இரண்டரை லட்சம் வீடுகள் சேதமடைந்தன. அன்றைய 75 மாவட்டங்களில் 31 பாதிக்கப்பட்டன. அவற்றுள் 14 மிகக் கடுமையாக. தனியொரு மாவட்டத்தில் அதிக உயிர்கள் போனது நடுமையம் இருந்த கோர்க்காவில் அல்ல, காட்மாண்டுவுக்கு வடகிழக்கே உள்ள சிந்துபால்சோக்கில். இந்த எண்ணிக்கைகள் இன்னும் பல மடங்கு ஆகியிருக்கக்கூடும். நேபாளத்தில் சனிக்கிழமைதான் வார விடுமுறை. ஆயிரக்கணக்கான பள்ளி வகுப்பறைகள் நொறுங்கியபோது அவற்றுக்குள் பிள்ளைகள் இல்லை. பகல் வேளை என்பதால் மலைக்கிராமங்களில் உழைக்கும் வயதினர் பலர் வயலில் இருந்தார்கள். வீட்டுக்குள் இருந்தவர்கள் முதியவர்களும் சிறுவர்களும் சமையல் வேலையில் இருந்த பெண்களும்தான். இறந்தவர்களில் பெண்கள் பாதிக்கு மேல் இருந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நேரம் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு 2023 நவம்பர் 3ஆம் தேதி மேற்கு நேபாளத்தின் ஜாஜர்கோட்டில் நடந்ததைப் பாருங்கள். அது 2015இல் வந்ததோடு ஒப்பிடவே முடியாத அளவு சிறியது. ஆனால் நள்ளிரவை நெருங்கும் நேரத்தில், எல்லோரும் கல்லும் மண்ணும் கொண்டு எழுப்பிய வீடுகளுக்குள் உறங்கிக்கொண்டிருந்தபோது வந்ததால் 150க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது.

அந்தக் கல்வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மலைச்சரிவில் கிடைக்கும் கல்லை அடுக்கி, சிமென்ட் இல்லாமல் களிமண்ணைக் கொண்டே பிணைத்து, மேலே கற்பலகை வேய்ந்த வீடுகள் அவை. குளிருக்கு ஏற்றவை, செலவும் குறைவு. பக்கவாட்டில் ஆட்டம் கண்டால் சுவர் வெளிப்பக்கமாகப் பிதுங்கிச் சரிந்துவிடும். இப்படிப்பட்ட வீடு விழும்போது குடும்பம் கூரையை மட்டும் இழப்பதில்லை. மாடியில் சேமித்திருந்த மக்காச்சோளமும் கேழ்வரகும், அடுத்த விதைப்புக்கு எடுத்து வைத்த விதையும், கீழ்த்தளத்தில் கட்டியிருந்த எருமையும் ஆடும் அதே இடிபாட்டுக்குள் போய்விடுகின்றன. நிலநடுக்கம் வந்தது ஏப்ரல் கடைசியில். நெல் நடவு ஜூன், ஜூலையில் தொடங்க வேண்டும். ஆக, பிணத்தை எரித்துவிட்டு வந்தவர்களுக்கு முன்னால் இரண்டு அவசர வேலைகள் இருந்தன: மழைக்கு முன் தலைக்கு மேல் தகரம் போடுவது, மழையோடு வயலில் இறங்குவது. இரண்டுக்கும் ஆட்கள் போதவில்லை. அந்த ஊர்களின் இளைஞர்களில் பெரும் பகுதியினர் கத்தாரிலும் சவூதியிலும் மலேசியாவிலும் வேலையில் இருந்தார்கள். இடிபாட்டைக் கையால் கிளறியவர்கள் பெரும்பாலும் பெண்களும் வயதானவர்களும்தான். இதைவிட அமைதியாக நடந்த ஒரு சேதமும் உண்டு: பல கிராமங்களில் நீரூற்றுகள் வற்றின, அல்லது வேறு இடத்தில் பீறிட்டன. பயண ஏற்பாட்டாளர்களின் விளம்பரங்களில் "வழமைக்குத் திரும்பிவிட்டது" என்று சொல்லப்படும் காலத்திலும், ஒரு குடம் தண்ணீருக்கு முன்பைவிட நெடுந்தூரம் நடக்கும் ஊர்கள் இருந்தன.

காட்மாண்டுவில் நிலைமை வேறு மாதிரியானது. வீடு நின்றவர்களும் வீட்டுக்குள் போகவில்லை. பின்னதிர்வுகள் இரவும் பகலும் தொடர்ந்ததால் நகரின் நடுவே உள்ள துண்டிக்கேல் திடலிலும், சாலை ஓரங்களிலும், கோயில் முற்றங்களிலும் தார்ப்பாய்களுக்குக் கீழே குடும்பம் குடும்பமாகப் படுத்தார்கள், மழையும் பெய்தது. பழமையான மர மண்டபமான காஷ்டமண்டபம் இரத்ததான முகாம் நடந்துகொண்டிருந்தபோதே தரைமட்டமானது. பசுபதிநாதர் ஆலயத்தின் மூலக்கோயில் பெரிய பாதிப்பின்றி நின்றது. அதை ஒட்டிய பாக்மதிக் கரையின் எரிமேடைகளில் நாள் முழுதும் சிதைகள் எரிந்தன. கடைகள் மூடிக் கிடந்தன, ஏ.டி.எம். இயந்திரங்கள் வேலை செய்யவில்லை, ஏற்கெனவே பற்றாக்குறையாக இருந்த மின்சாரம் அறவே நின்றது, கைப்பேசி அழைப்புகள் கிடைப்பது அரிதானது. இவற்றோடு, தலைநகரில் வேலைக்காகத் தங்கியிருந்த லட்சக்கணக்கானோர் சொந்த ஊரில் என்ன ஆயிற்றோ என்று பதறிக் கிடைத்த பேருந்தில் ஏறி வெளியேறினார்கள். நகரில் மாட்டிக்கொண்ட சுற்றுலாப் பயணிக்கு விடுதி ஊழியரோ, வாகன ஓட்டியோ, வழிகாட்டியோ கிடைக்கவில்லை என்றால் அதற்கு அவர்களுடைய பொறுப்பின்மை காரணமன்று. உங்கள் பெட்டியைத் தூக்கிக் கொடுக்கும் அந்த இளைஞனுடைய தாய் நுவாகோட்டிலோ ரசுவாவிலோ இடிபாட்டுக்குள் இருந்திருக்கலாம். அந்த நாட்களில் சேவையில் குறைபாடு என்று புகார் எழுதியவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

பயணிகளால் ஏற்படும் நெருக்கடி எங்கே தொடங்குகிறது என்பதற்குத் திரிபுவன் விமான நிலையத்தைவிடத் தெளிவான சான்று இல்லை. 2015இல் நேபாளத்துக்கு இருந்த ஒரே பன்னாட்டு விமான நிலையம் அது. ஓடுபாதையும் ஒன்றே ஒன்று. அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே ஒரு விமானம் பனிமூட்டத்தில் ஓடுபாதையைவிட்டு விலகியதற்கே நான்கு நாட்கள் நாடு வானத்திலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்த ஒற்றைப் பாதையில் மீட்புக் குழுக்கள், மருத்துவமனைக் கூடாரங்கள், அரிசி மூட்டைகள், வெளியேறத் துடிக்கும் சுற்றுலாப் பயணிகள், வளைகுடாவிலிருந்து தாய்தந்தையரைத் தேடி வரும் தொழிலாளர்கள் எல்லோரும் போட்டியிட்டார்கள். இறங்க இடமில்லாமல் நிவாரண விமானங்கள் வானில் வட்டமிட்டுவிட்டுத் திரும்பிய நாட்கள் உண்டு. மே மாதத் தொடக்கத்தில் ஓடுபாதையில் விரிசல்கள் கண்டதால் மிகக் கனமான விமானங்கள் இறங்கத் தடை விதிக்கப்பட்டது. பயணச்சீட்டு ரத்தாகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அந்த வாரத்தில் காட்மாண்டுவுக்குப் பறந்திருப்பவர், சட்டப்படி எந்தத் தவறும் செய்யாதவராக இருந்தாலும், ஓர் இருக்கையையும் ஒரு குடிநீர்ப் பங்கையும் ஒரு கூரையையும் எடுத்துக்கொண்டவர்தான்.

ஹெலிகாப்டர்கள் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. நிலநடுக்கம் புமோரி மலையிலிருந்து கிளப்பிவிட்ட பனிச்சரிவு எவரெஸ்ட் அடிவார முகாமைத் தாக்கி ஏறத்தாழ 20 பேரைக் கொன்றது. மேலே முதல், இரண்டாம் முகாம்களில் சிக்கியவர்களை ஹெலிகாப்டரில்தான் இறக்க வேண்டியிருந்தது. உயிர் யாருடையதாயினும் உயிர்தான். அவர்களைக் காப்பாற்றியது தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதே நாட்களில் சாலையே இல்லாத கோர்க்கா, சிந்துபால்சோக் கிராமங்கள் ஒரு ஹெலிகாப்டரின் ஒலிக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. உலகின் கேமராக்கள் எந்த மலைப்பக்கம் திரும்பியிருந்தன என்பதும் யாவரும் அறிந்ததே. அந்த வசந்தப் பருவத்தில் எவரெஸ்ட் உச்சியை ஒருவர்கூட எட்டவில்லை. ஆண்டு முழுவதும் அப்படியே கழிந்தது. 1974க்குப் பிறகு அவ்வாறு நேர்ந்தது அதுவே முதல் முறை. ஏறும் பருவம் போனதில் ஷெர்ப்பா குடும்பங்கள் ஓராண்டு வருவாயின் பெரும்பகுதியை இழந்தன.

லாங்டாங் பள்ளத்தாக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே உள்ளூர்க்காரர், பயணி என்ற வேறுபாடே இல்லாமல் போயிற்று. காட்மாண்டுவுக்கு வடக்கே, மலையேற்றப் பயணிகள் விரும்பிச் செல்லும் இடம் அது; கிராமத்தில் பெரும்பாலான வீடுகள் பயணிகள் தங்கும் விடுதிகளாகவும் இருந்தன. மேலே லாங்டாங் லிருங் மலைப்பக்கத்திலிருந்து பெயர்ந்த பனியும் பாறையும் கிராமத்தை முழுவதுமாக மூடின. அந்தச் சரிவு கிளப்பிய காற்றின் வேகத்தில் எதிர்ச்சரிவின் மரங்கள்கூடப் படுத்தன. கிராமத்தவரும் வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் வெளிநாட்டவரும் ஒரே குவியலுக்குள் புதைந்தார்கள். பிழைத்தவர்கள் ஹெலிகாப்டரில் காட்மாண்டுவுக்குக் கொண்டுவரப்பட்டு, சுயம்புநாத் அருகே ஒரு பௌத்த மடத்தின் வளாகத்தில் மாதக்கணக்கில் கூடாரங்களில் வாழ்ந்தார்கள். பிறகு அவர்களே திரும்பிப்போய் விடுதிகளைக் கட்டினார்கள். வேறு தொழில் செய்ய அங்கே வழியில்லை. யாக் மாடும், உருளைக்கிழங்கும், மலையேற வருபவர்களும்தான் அந்தப் பள்ளத்தாக்கின் வாழ்வு. இன்று ஸ்யாப்ருபேசியிலிருந்து நடந்து லாங்டாங் போகிறவர்கள் அந்தக் கற்குவியலின் மேலேதான் நடக்கிறார்கள். அதற்குக் கீழே ஊர் இருக்கிறது.

அன்று நேபாளத்தில் இருந்த இந்தியர்கள் எப்படி வெளியேறினார்கள் என்பது உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். இந்திய அரசு நிலநடுக்கம் வந்த அன்றே "ஆபரேஷன் மைத்ரி" என்ற பெயரில் விமானப்படையையும் தேசியப் பேரிடர் மீட்புப் படையையும் அனுப்பியது. பொருட்களைக் கொண்டுவந்த விமானங்கள் திரும்பும்போது ஆட்களை ஏற்றிக்கொண்டன. அதே அளவுக்கு முக்கியமானது தரைவழி. பீகாரும் உத்தரப்பிரதேசமும் அனுப்பிய பேருந்துகள் ரக்சோல், சுனௌலி எல்லைகள் வழியாகப் பெரும் எண்ணிக்கையில் மக்களைக் கொண்டுசேர்த்தன. இந்திய விசா இல்லாமல் நேபாளத்தில் மாட்டிக்கொண்ட பிற நாட்டவருக்கும் கட்டணமில்லா விசா தரப்பட்டது. இதிலிருந்து நான் கற்றுக்கொள்ளச் சொல்வது இதுதான்: விமான நிலைய வாசலில் நாட்கணக்கில் உட்கார்ந்திருப்பதைவிட, சாலை திறந்திருக்கிறது என்று தூதரகம் உறுதிசெய்தால், தெற்கே எல்லைக்குப் போய்விடுவது பெரும்பாலும் எளிது. ஆனால் இரவில் மலைச்சாலையில் இறங்கக் கூடாது; பின்னதிர்வில் உருளும் கல்லை இரவில் பார்க்க முடியாது. காட்மாண்டுவில் உள்ள இந்தியத் தூதரகத்தின் அவசர எண்ணைக் கைப்பேசியில் மட்டுமல்லாமல் ஒரு தாளிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரின் மருந்து, பயண நாட்களுக்கு வேண்டியதைவிட இரண்டு வாரத்துக்குக் கூடுதலாகவே இருக்கட்டும். அந்தச் சூழலில் மருந்துக்கடை திறந்திருந்தாலும் அதில் இருப்பது காயம்பட்டவர்களுக்கு வேண்டும். வீட்டுக்கு நீண்ட அழைப்புகள் வேண்டாம். "நலம், இன்ன இடத்தில் இருக்கிறோம்" என்று ஒரு குறுஞ்செய்தி போதும். அழைப்பு கிடைக்காத நேரத்திலும் அது போய்ச் சேர வாய்ப்பு உண்டு.

அடுத்தது மழை. நிலநடுக்கம் மலைச்சரிவுகளைத் தளர்த்தி விட்டுவிடுகிறது. அவற்றைக் கீழே இறக்குவது ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் பருவமழை. சில நேரங்களில் மழைகூடத் தேவைப்படுவதில்லை. 2015 மே 24 அன்று மியாக்தி மாவட்டத்தில் ஒரு மலைப்பக்கம் சரிந்து காளி கண்டகி ஆற்றை அடைத்துவிட்டது. பின்னால் நீர் ஏரியாகத் தேங்க, கீழே பல ஊர்களில் மக்கள் இரவோடு இரவாக மேட்டுக்கு ஓடினார்கள். அடைப்பு ஒரு நாளுக்குள் தானே உடைந்தது; நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. நீங்கள் இந்தப் பெயரைக் கவனிக்க வேண்டும். சாளக்கிராமம் கிடைக்கும் அந்தக் காளி கண்டகிதான், ஆழ்வார்கள் பாடிய திருச்சாளக்கிராமம் என்று நம்மவர் முக்திநாத்தைத் தேடிச் செல்லும் வழி. பேனியிலிருந்து ஜோம்சோம் போகும் சாலை அந்த ஆற்றை ஒட்டியேதான் ஏறுகிறது. முக்திநாத் இருக்கும் முஸ்தாங் மாவட்டம் 2015இல் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்பது உண்மை; ஆனால் யாத்திரை என்பது சேருமிடம் மட்டுமல்ல, அங்கே கொண்டுபோகும் சாலையும்தான். கயிலை யாத்திரைக்கு நேர்ந்ததும் இதுவே. காட்மாண்டுவிலிருந்து கோடாரி வழியாகத் திபெத்துக்குள் போகும் அரணிக்கோ நெடுஞ்சாலை நிலச்சரிவுகளால் சிதைந்தது, எல்லைக்கு அப்பால் இருந்த சீன நகரமே காலி செய்யப்பட்டது, அந்த வழி சரக்குப் போக்குவரத்துக்குக்கூட 2019 வரை திறக்கப்படவில்லை. திபெத்துக்குள் போகும் மற்றோர் எல்லை வழியான கேருங் வெளிநாட்டவருக்கு 2017இல்தான் திறந்தது. கயிலையில் ஒரு கல்லும் அசைந்திருக்காது. வழி இல்லை, அவ்வளவே.

இதுவரை சொன்னவற்றைப் படித்துவிட்டு, "அப்படியானால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு நேபாளம் பக்கமே போக வேண்டாம்" என்று முடிவெடுத்தால் அதுவும் தவறு. நிலநடுக்கத்துக்குப் பிறகு நேபாள மக்களுக்கு விழுந்த இரண்டாவது அடி அதுதான். 2014இல் ஏறத்தாழ 7,90,000ஆக இருந்த வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கை 2015இல் ஏறத்தாழ 5,39,000ஆக விழுந்தது. வசந்தப் பருவத்தின் நடுவே பூகம்பம் வந்ததால் அந்தப் பருவம் பாதியில் முறிந்தது. நம்பியிருந்த இலையுதிர்ப் பருவமும் வெறிச்சோடிக் கிடந்தது. பல வெளிநாட்டு அரசுகள் நேபாளம் முழுவதையும் ஒரே நிறத்தில் அடித்து "தவிர்க்கவும்" என்று எச்சரித்ததால், அந்நாட்டுக் காப்பீட்டு நிறுவனங்கள் சேதமே இல்லாத அன்னபூர்ணா பகுதிக்கும் காப்பீடு தர மறுத்தன. பொறியாளர்கள் எவரெஸ்ட், அன்னபூர்ணா வழித்தடங்களை நேரில் பார்த்துப் பெரும்பகுதி பாதுகாப்பாக உள்ளது என்று அறிக்கை தந்த பிறகும் முன்பதிவுகள் உடனே திரும்பவில்லை. அதற்குள் செப்டம்பரில் புதிய அரசியலமைப்பை ஒட்டிய கிளர்ச்சியில் தெற்கு எல்லையில் சரக்குப் போக்குவரத்து முடங்கி, பெட்ரோலும் சமையல் எரிவாயுவும் மருந்தும் கிடைக்காமல் குளிர்காலம் கழிந்தது. பொக்காராவின் படகோட்டிக்கும் சித்வன் வனப்பகுதியின் யானைப்பாகனுக்கும் நிலநடுக்கம் வீட்டை எடுக்கவில்லை, வருவாயை எடுத்தது. 2016இல் எண்ணிக்கை ஏறத்தாழ 7,53,000ஆகவும் 2017இல் 9,40,000ஆகவும் உயர்ந்தது. தரைவழியாக வரும் இந்தியர்கள் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. ஆகவே நம்முடைய வரவும் வராமையும் அறிக்கைகளில் தெரியாது. சுனௌலியிலிருந்து பொக்காரா வரை சாலையோரம் உணவுக்கடை வைத்திருப்பவருக்குத்தான் தெரியும்.

எப்போது போகலாம் என்பதற்கு ஒரு தேதியை யாராலும் சொல்ல முடியாது, ஆனால் சில அறிகுறிகள் உண்டு. பாதிக்கப்பட்ட மக்கள் தார்ப்பாயிலிருந்து தகரக் கொட்டகைக்காவது மாறியிருக்க வேண்டும். விமான நிலையம் வணிகச் சேவைக்குத் திரும்பியிருக்க வேண்டும். மழைக்காலம் முடிந்திருக்க வேண்டும். நீங்கள் தங்கப்போகும் விடுதியின் கட்டடத்தைப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சான்று தந்திருக்க வேண்டும். 2015இல் காட்மாண்டு, பட்டான், பக்தபூர் அரண்மனைச் சதுக்கங்கள் ஜூன் 15ஆம் தேதியே பார்வையாளருக்குத் திறக்கப்பட்டன. சுவர்கள் இன்னும் உறுதியாக இல்லை என்று யுனெஸ்கோ கவலை தெரிவித்தும் திறந்தார்கள். அரசுக்கு வருவாய் வேண்டும் என்பது புரிகிறது, ஆனால் அன்றைக்கு என்னிடம் கேட்டிருந்தால் அக்டோபர் வரை பொறுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். அரசு ஓரிடத்தைத் திறந்துவிட்டது என்பதாலேயே அது உங்கள் வயதான தந்தை நடந்து செல்லத்தக்க இடமாகிவிடாது.

மறுகட்டுமானம் எவ்வளவு மெதுவாக நடக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள், ஏமாற்றம் குறையும். ஜூன் மாதத்திலேயே உலக நாடுகள் 440 கோடி டாலர் அளவுக்கு உறுதியளித்தன. ஆனால் அதைச் செலவிடும் தேசிய மறுகட்டுமான ஆணையம் அந்த ஆண்டின் இறுதியில்தான் இயங்கத் தொடங்கியது. ஒரு வீட்டுக்கு முதலில் இரண்டு லட்சம், பிறகு உயர்த்தி மூன்று லட்சம் நேபாள ரூபாய், அதுவும் தவணை தவணையாக, அடித்தளம் விதிப்படி இருக்கிறது என்று சரிபார்த்த பிறகே. கல்லைச் சுமந்து மலையேற்ற ஆகும் செலவுக்கே அது போதவில்லை என்று பலர் கடன் வாங்கினார்கள். நிலநடுக்கத்துக்குப் பிந்தைய முதல் குளிர்காலத்தையும் இரண்டாவது குளிர்காலத்தையும் பெரும்பாலோர் தகரத்துக்குக் கீழேதான் கழித்தார்கள். பௌத்தநாத் ஸ்தூபம் 2016 நவம்பரில் எழுந்துவிட்டது. தாராஹரா கோபுரத்தின் இடத்தில் புதியது 2021இல் திறக்கப்பட்டது. சில கோயில்களுக்கு முட்டுக்கொடுத்த கட்டைகள் ஆண்டுக்கணக்கில் அப்படியே நின்றன. 1702இல் கட்டிய பக்தபூரின் ஐந்தடுக்கு ந்யாதபோலா கோயில் 1934, 2015 நிலநடுக்கங்கள் இரண்டையும் தாங்கி நிற்கிறது என்பதையும் அங்கே போகும்போது பாருங்கள்.

பணத்தைப் பற்றி. பயணக் காப்பீட்டை முன்பணம் கட்டிய உடனே எடுத்துவிடுங்கள். நிகழ்வு நடந்து செய்தியான பிறகு எடுக்கும் காப்பீடு அந்த நிகழ்வுக்குப் பொருந்தாது என்பது ஏறக்குறைய எல்லா நிறுவனங்களின் விதியாகவும் இருக்கும். பத்திரத்தில் மூன்று இடங்களைப் படித்துப் பாருங்கள்: இயற்கைப் பேரிடரால் பயணத்தைக் கைவிட்டால் பணம் உண்டா, பாதியில் திரும்பினால் உண்டா, எத்தனை மீட்டர் உயரம் வரை மருத்துவமும் ஹெலிகாப்டரும் செல்லும். முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. சாதாரணக் காப்பீடுகள் சில அந்த உயரத்தை ஏற்பதில்லை. விமான நிறுவனம் தானே சேவையை ரத்து செய்தால் பணம் திரும்பக் கேட்கலாம். சேவை நடக்கும்போது நீங்களாகப் போகாமல் இருந்தால் பெரும்பாலும் தேதி மாற்றம்தான் கிடைக்கும். ஆகவே அவசரப்பட்டு முதல் நாளே ரத்து செய்யாதீர்கள். பயணத் தேதி அடுத்த வாரமாக இருந்தால் ஒழிய, சில நாட்கள் பொறுப்பது உங்களுக்கே நன்மை. காட்மாண்டுவிலோ பொக்காராவிலோ உள்ள உள்ளூர் ஏற்பாட்டாளரிடம் கட்டிய தொகையை மட்டும், முடிந்தால், திரும்பக் கேட்காமல் அடுத்த பருவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தில்தான் அவர் தம் வழிகாட்டிகளுக்கும் சுமைதூக்கிகளுக்கும் அந்த மாதச் சம்பளம் கொடுப்பார். எல்லோருக்கும் இது முடியாது, முடிந்தவர்கள் செய்யலாம்.

உதவி செய்யும் எண்ணத்தோடு பழைய துணி மூட்டைகளைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டாம். 2015இல் நல்லெண்ணத்தோடு வந்து இறங்கிய பயிற்சியில்லாதவர்களுக்குச் சோறும் இடமும் தேடித் தருவதே உள்ளூர் அமைப்புகளுக்கு ஒரு வேலையாகிவிட்டது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கான இல்லம் என்று சொல்லி அழைப்பவர்களிடம் இன்னும் கவனமாக இருங்கள். பேரிடருக்குப் பிறகு மலைக்கிராமங்களிலிருந்து குழந்தைகளும் இளம்பெண்களும் கடத்தப்படுவது நேபாளத்தின் பழைய துயரம். அதைத் தடுக்க அன்று அரசு, பெற்றோரோ ஒப்புதலோ இல்லாமல் பிள்ளைகள் மாவட்டம் தாண்டுவதற்கே கட்டுப்பாடு விதித்தது.

கடைசியாக உங்கள் பயணத்திட்டம். நீங்கள் போகும் முன் கிழக்கிலோ நடுநேபாளத்திலோ பெரிய நிலநடுக்கம் வந்து, சில மாதங்கள் கழிந்து, மழையும் ஓய்ந்திருந்தால், காட்மாண்டுவைத் தொடாமலேயே முக்திநாத் போய்வரலாம். கோரக்பூர் வரை ரயில், சுனௌலியில் எல்லை, பைரஹவா, அங்கிருந்து பொக்காரா, பிறகு ஜோம்சோமுக்குக் காலை விமானம். பைரஹவாவிலும் பொக்காராவிலும் இப்போது பன்னாட்டு விமான நிலையங்கள் இருக்கின்றன, 2015இல் இருந்ததுபோல் எல்லாம் ஒரே ஓடுபாதையை நம்பியில்லை. மாறாக, நடுமையம் பொக்காராவுக்கு மேற்கே இருந்தால் காளி கண்டகிப் பள்ளத்தாக்கை அந்த ஆண்டு விட்டுவிடுங்கள். பசுபதிநாத்தும் சித்வனும் போய்வாருங்கள், முக்திநாத் அடுத்த ஆண்டு ஆகட்டும். மேற்கு நேபாளத்தில் பல நூற்றாண்டுகளாக மிகப் பெரிய நிலநடுக்கம் ஏற்படவில்லை, அங்கே அழுத்தம் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று நிலவியலாளர்கள் சொல்லிவருவதால் இந்த இரண்டாவது நிலைமையையும் சேர்த்தே கணக்கில் வைத்திருக்கிறேன். எந்த வழியானாலும் கடவுச்சீட்டையோ வாக்காளர் அடையாள அட்டையையோ உடலோடு வைத்திருங்கள், பெட்டிக்குள் அல்ல. எல்லையில் கேட்பது அதுதான், இடிந்த விடுதிக்குள் திரும்பப் போய் எடுக்க உங்களை யாரும் விடமாட்டார்கள்.